ராத்தா கூட்டிப் பெருக்கிய பாலைவனம்

"மணல் பார்க்கவா மனே இவ்வளவு தூரம் போகணும்? நம்மட ஊட்டு வாசல்ல இல்லாத மணலா?"

2024 டிசம்பர் மாதக் கடைசியில், சார்ஜாவில் மகனுடைய வீட்டில் இருக்கும்போது என் ராத்தா கேட்ட கேள்வி இது. மூன்று வார விடுமுறை முடிந்து நாங்கள் ஊர் திரும்ப இரண்டே நாட்கள் மீதி இருந்தன. பார்க்க வேண்டிய இடங்கள் என்று பிள்ளைகள் எழுதி வைத்திருந்த பட்டியலில் கடைசியாக மிஞ்சியிருந்தது பாலைவனமும் ஒட்டகச் சவாரியும்தான்.

மகன் என்று எழுதினேன். ராத்தாவின் மகனா, என்னுடைய மகனா என்று வாசக சகோதரிகள் கேட்கக்கூடும். பெற்றது ராத்தா, வளர்த்தது நான். என்னை அவன் 'சாச்சி' என்றுதான் கூப்பிடுவான். ஆனால் காய்ச்சல் வந்தால் அவன் வாயில் முதலில் வருவதும் அந்தச் சாச்சிதான். பாலைவனத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவளுக்கு இந்தக் குடும்பக் கதை எதற்கு என்று தோன்றலாம். அதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

1989இல் மச்சான் நோயில் விழுந்தார். கல்முனைப் பக்கத்துக் கடலோர ஊர் எங்களுடையது. கைத்தறியை நம்பி ஒரு குடும்பத்தின் மருந்துச் செலவையும் சாப்பாட்டையும் பார்க்க முடியாத காலம் அது. ஊரில் பல வீடுகளில் நடந்தது எங்கள் வீட்டிலும் நடந்தது. இருபத்தேழு வயதில், நாலு வயதுப் பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, வீட்டுப் பணிப்பெண்ணாக ராத்தா சார்ஜாவுக்கு விமானம் ஏறினா. அப்பொழுது எனக்கு வயது இருபத்தொன்று, கலியாணம் ஆகவில்லை. இரண்டு வருடம் என்று போனவ பதினொரு வருடம் இருந்தா. இடையில் இரண்டே தடவை லீவில் வந்தா. 1990களில் நம் நாட்டிலிருந்து வேலைக்கு வெளிநாடு சென்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான் என்பது இன்றைய இளம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர்கள் அனுப்பிய காசில் கட்டிய கல்வீடுகள் இன்னும் நிற்கின்றன.

அப்போதெல்லாம் தொலைபேசி எடுப்பது பெரிய செலவு. ராத்தா கசெட்டில் பேசி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவா. அதைப் போட்டுக் கேட்கும்போது பிள்ளை ரேடியோவுக்குப் பின்னால் போய்ப் பார்ப்பான். முதல் லீவில் 1992இல் ராத்தா வந்திறங்கியபோது அவனுக்கு ஏழு வயது. "உம்மாக்கிட்டப் போ மனே" என்று நான் தள்ளத் தள்ள, என் சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். ராத்தா கொண்டுவந்த பொம்மைக் காரை வாங்கக்கூட வரவில்லை. ஓர் உண்மையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு என் முகம் வருத்தத்தைக் காட்டியதே தவிர, உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதை இத்தனை வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

பிள்ளை படித்தான். இன்று சார்ஜாவிலேயே ஒரு நிறுவனத்தில் கணக்காளன். மனைவி தாதி, ஏழு வயதில் ஒரு மகள். இரண்டு தாய்மாரையும் ஒன்றாகக் கூப்பிட்டு மூன்று வாரம் வைத்திருக்க வேண்டும் என்பது அவனுடைய நீண்ட நாள் ஆசை.

மூன்று வாரத்தில் பார்த்த மற்ற இடங்களைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. 828 மீற்றர் உயரமான புர்ஜ் கலீஃபாவைக் கீழே நின்று பார்த்ததில் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அபூதாபியில் ஷெய்க் சாயித் பெரிய பள்ளிவாசல் மனதை நிறைத்தது. சார்ஜாவின் இஸ்லாமிய நாகரிக அருங்காட்சியகத்தை யாரும் தவறவிடக் கூடாது. பழைய சந்தைக் கட்டடம் ஒன்றை 2008இல் அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். முற்கால முஸ்லிம்கள் நட்சத்திரம் பார்க்கவும் திசை அறியவும் செய்த கருவிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஒரு மாலை ராத்தா வேலை செய்த தெருவையும் தேடிப் போனோம். அந்த வீடு இல்லை. அந்த இடத்தில் பல மாடிக் கட்டடம் ஒன்று நின்றது. கீழே சலவைக் கடை. ராத்தா வாகனத்தை விட்டு இறங்காமலே, "சரி மனே, போவம்" என்றா.

பாலைவனத்துக்கு வர மாட்டேன் என்று அவ அடம் பிடித்த காரணம் பிறகுதான் விளங்கியது. பதினொரு வருடம் அந்த நாட்டில் இருந்தும் அவ பாலைவனத்தைக் கண்டதே இல்லை. கண்டதெல்லாம் வீட்டுக்குள் வந்து விழுந்த பாலைவனத்தை. வடமேற்கிலிருந்து 'ஷமால்' என்ற காற்று எழும்பினால் மாவு போன்ற தூசி நகரம் முழுவதையும் மூடிவிடும். கதவிடுக்கில், சன்னல் சட்டத்தில், குளிரூட்டியின் வாயில், துவைத்துக் காயப்போட்ட உடுப்பில் எல்லாம் அதுதான். விடிய ஐந்து மணிக்கு எழும்பி முற்றம், விறாந்தை, மாடிப்படி எல்லாவற்றையும் கூட்டிக் கழுவி முடிக்க, பகலுக்குள் மறுபடியும் படிந்திருக்குமாம். மாரிகாலத்தில் வீட்டுக்காரர்கள் பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்கப் போவார்கள். அது அந்த நாட்டவர்களுக்கு இன்றும் பிரியமான வழக்கம். ஒரு தடவை ராத்தாவையும் கூட்டிப் போயிருக்கிறார்கள். போய்ச் சேர்ந்தது இருட்டில். சமையல் கூடாரத்துக்குள் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இரவு முழுக்க இருந்துவிட்டு, விடிய முன் திரும்பியாயிற்று. "அடிக்கிற ஆக்கள் இல்ல. நல்ல சனம்தான்" என்று ராத்தா எப்போதும் சொல்வா. "ஆனா என்னையும் ஒரு ஆளா நினைச்சி, வெளிய வந்து பாரு எண்டு சொல்ல அவங்களுக்குத் தோணல்ல."

கடைசியில் பேத்திதான் வெற்றி பெற்றாள். "வாப்பும்மா வராட்டி நானும் போகல்ல" என்று சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டாள்.

பிற்பகல் இரண்டரை மணிக்கு உயரமான ஜீப் வண்டி ஒன்று வந்தது. சாரதி பெஷாவரைச் சேர்ந்த பட்டாணியர். வெள்ளைத் தாடி, மரியாதையான மனிதர். சாப்பாட்டோடு ஆளுக்கு 150 திர்ஹம் என்று பேசியிருந்தோம். டுபாயிலிருந்து ஹத்தா மலைப்பக்கம் போகும் பெருந்தெருவில் லஹ்பாப் என்ற இடத்துக்குப் பயணம். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான ஓட்டம். கட்டடங்கள் குறையக் குறைய மணலின் நிறம் மாறுவதைக் கவனித்தேன். கரையோரத்து மணல் வெளுப்பு. சிப்பித் தூள் கலந்தது. உள்ளே போகப் போக மஞ்சளாகி, லஹ்பாப்பில் செங்கல் தூளைக் கொட்டியது போல் சிவந்து கிடக்கிறது. மணலைப் போர்த்தியிருக்கும் இரும்புத் துருதான் இந்தச் சிவப்புக்குக் காரணம்.

தெருவை விட்டு இறங்கும் இடத்தில் சாரதி வண்டியை நிறுத்தி, நாலு டயரிலும் காற்றை இறக்கினார். காற்றுக் குறைந்தால் டயர் அகன்று மணலில் புதையாமல் மிதக்கும் என்று மகன் விளக்கினான். ஒட்டகத்தின் பாதம் செய்கிற வேலையும் அதேதான். அது மணலில் ஊன்றும்போது அப்பம் போல் விரியும்.

அதன் பிறகு நடந்தது எனக்குப் பிடிக்கவில்லை. மணற்குன்றின் உச்சிக்கு வண்டியை ஏற்றிச் சரிவில் பக்கவாட்டாக வழுக்க விடுவது இங்கே ஒரு விளையாட்டு. இருபது நிமிடம் குடல் வாய்க்கு வந்தது. மருமகள் வாந்தி எடுத்தாள். பேத்தி இன்னும் இன்னும் என்று கத்தினாள். கர்ப்பிணிகளும் முதுகு வருத்தம் உள்ளவர்களும் இதற்கு ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. முன்கூட்டியே சொன்னால் இதைத் தவிர்த்து நேரே கூட்டிப் போவார்கள். பகல் சாப்பாட்டை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வண்டி நின்று, கதவைத் திறந்ததும் முதலில் உறைத்தது சத்தமின்மைதான். கடற்கரையில் பிறந்த எங்களுக்கு மணல் என்றால் கூடவே அலைச் சத்தம். இங்கே அலை அலையாக மணல் இருக்கிறது, சத்தம் இல்லை. காற்று இழுத்த கோடுகள் ஒவ்வொரு குன்றிலும் தறியில் போட்ட பாவு மாதிரி ஒரே சீராக ஓடின. ராத்தா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தா. காலடியில் மேல் மணல் இளஞ்சூடு. ஓர் அங்குலம் புதைந்தால் குளிர்ச்சி. குனிந்து ஒரு பிடி அள்ளி விரலிடுக்கால் விட்டா.

"இதுதானா புள்ள அது?" என்று என்னிடம் மெல்லக் கேட்டா. "இவ்வளவு வடிவா இரிக்கும் எண்டு நான் நினைக்கல்ல. எனக்கு இதக் கண்டாலே கோவம் வரும்."

சற்றுத் தள்ளி ஒற்றை மரம் ஒன்று நின்றது. கிளைகள் தொங்கி, சின்னச் சின்ன இலையோடு. அரபியில் 'காஃப்' என்கிறார்கள். 2008ஆம் ஆண்டு முதல் ஐக்கிய அரபு எமிரேட்ஸின் தேசிய மரம். தமிழில் வன்னி மரம் என்று நாம் சொல்வது இதைத்தான். மழையையே காணாத இடத்தில் வேரை முப்பது மீற்றருக்கும் கீழே அனுப்பித் தண்ணீர் தேடிக்கொள்ளும். ஒட்டகம் எட்டுகிற உயரம் வரை இலையெல்லாம் மேய்ந்துபோய், அடியை யாரோ கத்தரிக்கோலால் நேராக வெட்டிவிட்டது போல் இருந்தது.

ஒட்டகங்கள் ஏழெட்டு, மணலில் மடிந்து படுத்திருந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் நாம் படத்தில் காணும் பிராணியே அல்ல. அல் காஷியா அத்தியாயத்தில் ஒட்டகத்தின் படைப்பைச் சிந்திக்கச் சொல்லும் இடத்தைச் சிறு வயதில் மதரஸாவில் ஓதியிருக்கிறோம். எதைச் சிந்திப்பது என்று அப்போது விளங்கவில்லை. கண்ணுக்கு இரட்டை வரிசை இமைமயிர்; அதற்குள்ளே மூன்றாவதாக ஒரு மெல்லிய இமை, விழியில் விழும் மணலைத் துடைத்து எடுக்க. மூக்குத் துவாரத்தை வேண்டியபோது மூடிக்கொள்ளும். நெஞ்சிலும் முழங்காலிலும் தடித்த தோல் மெத்தை; சுடு மணலில் படுத்தாலும் உடம்பு படாது. திமிலில் தண்ணீர் இருக்கிறது என்று நாங்கள் பாடசாலையில் கேட்டது தவறு. அது முழுவதும் கொழுப்பு. தண்ணீரைச் சேமிக்கும் வித்தை வேறு. உடம்புச் சூட்டை இரவில் 34 பாகை வரை இறங்கவும் பகலில் 40 பாகை வரை ஏறவும் விட்டுவிடுகிறது; அதனால் வியர்த்துத் தண்ணீரை வீணாக்குவதில்லை. நமக்கு 40 பாகை என்றால் ஆஸ்பத்திரி! உடம்பு எடையில் காற்பங்கு தண்ணீர் வற்றினாலும் தாங்கும். கிடைத்தவுடன் பத்து நிமிடத்தில் நூறு லீற்றர் அளவு குடித்துவிடும். மற்றப் பிராணிகள் அப்படிக் குடித்தால் இரத்த அணுக்கள் உப்பி வெடித்துவிடும். ஒட்டகத்தின் அணுக்கள் நீள்வட்டமாக இருப்பதால் உப்பினாலும் உடைவதில்லை. பதின்மூன்று மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். இதைக் கேட்டதும் மருமகள், "பதின்மூன்று மாதமா!" என்று தலையில் கை வைத்தாள்.

நான் சவாரி செய்யவில்லை. எனக்குச் சீனி வருத்தம் உண்டு. 2012இல் சவூதியில் முதலில் கண்டறியப்பட்ட மெர்ஸ் என்ற சுவாச நோய்க் கிருமி ஒட்டகங்களில் இருப்பதால், சீனி வருத்தம், சிறுநீரக நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் ஒட்டகத்தை நெருங்காமல் இருப்பதும், யாராக இருந்தாலும் காய்ச்சாத ஒட்டகப் பாலைக் குடிக்காமல் இருப்பதும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மருமகள் இதைச் சொல்லி என்னைத் தள்ளி நிற்க வைத்தாள். தொட்டவர்கள் எல்லோரையும் பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வைத்ததும் அவள்தான். நோயில்லாத ராத்தாவுக்குத் தடை இல்லை. ஆனால் ராத்தா ஏற மறுத்தா.

அதற்குக் காரணம் பயம் அல்ல என்பது பேத்தி கேட்ட கேள்வியால் தெரிந்தது. "வாப்பும்மா, ஒட்டகத்தில சின்னப் பிள்ளைகள் தனியா ஏறலாமா?" என்று அவள் கேட்டாள். ராத்தாவின் முகம் மாறிவிட்டது.

வேலை செய்த வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் தொலைக்காட்சியில் ஒட்டக ஓட்டப் பந்தயம் போடுவார்களாம். பாரம் குறைந்தால் ஒட்டகம் வேகமாக ஓடும். அதற்காக நாலைந்து வயதுப் பையன்களை முதுகில் கட்டி ஓட்டுவார்கள். பாகிஸ்தான், பங்களாதேஷ், சூடான், மொரித்தானியா முதலிய நாடுகளின் ஏழைப் பிள்ளைகள். தேநீர்த் தட்டோடு உள்ளே போன ராத்தா ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டா. "அதில ஒருத்தன் இவன்ட அளவு. இவன மாதிரியே காது ரெண்டும் வெளிய நீட்டிக்கிட்டு." தட்டை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டாவாம். அதன் பின்னர் ஒட்டகத்தின் படத்தைக் கண்டாலும் பிடிப்பதில்லை.

மகன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். அவனுக்கும் இது புதிய செய்தி. பிறகு மெதுவாக, "இப்ப அது இல்ல உம்மா" என்றான். பல வருடக் கண்டனத்துக்குப் பிறகு 2002இல் பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களை ஓட்டக் கூடாதென்று தடை வந்தது. 2005இல் பதினெட்டு வயதுக்குக் குறைந்த எவரையும் ஏற்றக் கூடாதென்று சட்டமே இயற்றினார்கள். யுனிசெஃப் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தங்கள் நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இப்போது ஒட்டகத்தின் முதுகில் சில கிலோ எடையுள்ள சிறிய இயந்திரப் பொம்மை இருக்கும். சொந்தக்காரர் பக்கத்தில் வாகனத்தில் போய்க்கொண்டே தூர இயக்கியால் அதன் சாட்டையைச் சுழற்றுவார். ஒலிபெருக்கி வழியாக ஒட்டகத்தோடு பேசவும் செய்வார். மகன் கைத்தொலைபேசியில் அந்தப் படத்தைக் காட்டினான். ராத்தா நெடுநேரம் பார்த்தா.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றா. "அந்தப் புள்ளைக்கு இப்ப இவன்ட வயசு இரிக்கும்."

ஒட்டகக்காரர் நாங்கள் பேசி முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். கறுத்து உயர்ந்த மனிதர். இருபது நிமிடச் சவாரிக்குத் தனியாகக் காசு என்று மகன் ஆங்கிலத்தில் பேச முயன்றான், அவருக்கு விளங்கவில்லை. அப்போது ராத்தா இடையில் புகுந்தா. அரபியில்! ஸலாம் சொல்லி, சுகம் விசாரித்து, எந்த ஊர், ஒட்டகத்துக்கு என்ன பெயர், என்ன வயது என்று அடுக்கிக்கொண்டே போனா. குசினியில் கற்ற அரபிதான். ஆனால் தண்ணீர் போல ஓடியது. மகன் வாயைத் திறந்தபடி நின்றான். ஊரில் ராத்தா அரபி பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை. யாரோடு பேசுவது?

அவர் சூடான்காரர். ஒட்டகத்தின் பெயர் ஷம்ஸா. ஒன்பது வயதுப் பெண். 2023 ஏப்ரலில் அங்கே போர் வெடித்த பிறகு மனைவியும் பிள்ளைகளும் எகிப்துக்குப் போய்விட்டார்களாம். கடைசிப் பிள்ளையைக் கைக்குழந்தையாகப் பார்த்தது. இப்போது அது நடந்து பேசுகிறதாம். வட்ஸ்அப்பில் தினமும் காட்டுகிறார்களாம். ராத்தா அதை எங்களுக்குத் தமிழில் சொல்லும்போது குரல் கொஞ்சம் அடைத்தது. "எனக்கு கசெட்டு, இவருக்கு வட்ஸ்அப்பு" என்றா. அந்த மனிதரோடு பேசிய பிறகு ஏற மாட்டேன் என்று ராத்தா சொல்லவில்லை. அவர் சேணத்தைத் தட்டிக் காட்டியதும் மருமகள் அபாயாவின் கீழே காற்சட்டை போட்டிருக்கிறீர்களா மாமி என்று கேட்டாள், போட்டிருந்தா. ஸ்கார்ஃபுக்கு இரண்டு ஊசி கூடுதலாகக் குத்திவிட்டாள்.

சேணத்தில் இரண்டு இருக்கை. முன்னால் பிடிக்க இரும்புக் கம்பி. ராத்தா முன்னால், பின்னால் யார் என்று வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தடை இருந்தது எனக்கு நல்லதாகப் போயிற்று. "உம்மாவோட நீ ஏறு மனே" என்றேன்.

முதல் தடவை ஏறுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஒட்டகம் எழும்பும்போது முதலில் பின்னங்கால்களைத்தான் நிமிர்த்தும். அப்போது ஏறியிருப்பவர் தலைகுப்புற முன்னால் எறியப்படுவது போல் சாய்வார். உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துக் கம்பியை இறுகப் பிடிக்க வேண்டும். அடுத்து முன்னங்கால்கள் நிமிரும். இப்போது பின்னால் சாயும். இறங்கும்போது முதலில் முன்னங்கால் மடியும்; மறுபடியும் பின்னுக்குச் சாய வேண்டும். இதையெல்லாம் ஒட்டகக்காரர் அரபியில் சொல்ல, ராத்தா கேட்டுத் தமிழில் மகனுக்குச் சொன்னா. முப்பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு, "பின்னால சாயிடா, என்னைப் பிடி, பயப்படாத" என்று தாய் சொல்லிக் கொடுக்க, அவன் "சரி உம்மா, சரி உம்மா" என்றான். ஷம்ஸா எழும்பியபோது ராத்தா "யா அல்லாஹ்!" என்று கூச்சலிட்டா. பிறகு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் என் கலியாண வீட்டில் கடைசியாகக் கேட்டிருந்தேன்.

ஒட்டகம் குதிரையைப் போல் நடப்பதில்லை. ஒரு பக்கத்து இரண்டு கால்களையும் ஒன்றாகத் தூக்கி, பிறகு மறுபக்கத்து இரண்டையும் தூக்கும். அதனால்தான் அந்த ஆட்டம். தோணி அலையில் போவது போல். அவர்கள் குன்றின் முதுகில் மெல்ல மெல்லப் போனார்கள். மருமகளும் பேத்தியும் வேறொரு ஒட்டகத்தில் பின்னால். நான் ஜீப்பில் சாய்ந்துகொண்டு நின்றேன். தூரத்தில் மகன் ஏதோ கேட்பதும் ராத்தா திரும்பித் திரும்பிப் பதில் சொல்வதும் தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஒரு கட்டத்தில் அவன் இரண்டு கையாலும் அவவைச் சுற்றிப் பிடித்து, நாடியை அவ தோளில் வைத்துக்கொண்டான். நான் பார்வையைத் திருப்பி அந்த வன்னி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஐந்தரை மணியளவில் சூரியன் மறைந்தது. ஊரில் நாங்கள் மேற்கிலிருந்து சற்று வடக்கே திரும்பித் தொழுவோம். இங்கே மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே. மாரிகாலத்தில் சூரியன் இறங்குகிற பக்கத்தை ஒட்டியே கிப்லா இருந்தது. பாய் விரிக்காமல் மணலிலேயே மஃரிபைத் தொழுதோம். நெற்றியில் ஒட்டிய சிவப்பு மணலை யாரும் உடனே தட்டிவிடவில்லை.

இரவுச் சாப்பாடு கூடார முகாமில். கரியில் வாட்டிய கோழி, ஹும்முஸ், குப்பூஸ், சின்னக் கிண்ணத்தில் ஏலக்காய் போட்ட அரபுக் கோப்பி, பேரீச்சம்பழம். சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. உல்லாசப் பயணிகளுக்காக மேடையில் அரைகுறை உடையோடு நடனமும் வைக்கிறார்கள். குடும்பமாகப் போகிறவர்கள் இதை முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது; அது இல்லாத முகாம்களும் உண்டு. நாங்கள் விசாரிக்கத் தவறிவிட்டோம். அது தொடங்கும்போது கோப்பிக் கிண்ணங்களோடு கூடாரத்தின் பின்புறம் போய் உட்கார்ந்தோம். நட்டமில்லை, விளக்கு இல்லாத பக்கத்தில்தானே நட்சத்திரம் தெரியும். குளிர் இறங்கியது. டிசம்பர் இரவில் பாலைவனத்துக்குப் போகிறவர்கள் தடித்த சால்வை இல்லாமல் போக வேண்டாம். பாலைவனம் என்றால் சூடு என்று நினைத்துப் போன எனக்குப் பல் அடித்தது.

அங்கேதான் மணலில் அரைவாசி புதைந்த பொலித்தீன் பை ஒன்றைப் பேத்தி இழுத்தெடுத்தாள். 2021இல் வெளியான ஆய்வொன்றை மகன் சொன்னான். டுபாயிலுள்ள கால்நடை ஆய்வுகூடம் 2008 முதல் பார்த்த முப்பதாயிரம் ஒட்டகச் சடலங்களில் முந்நூறின் வயிற்றில் பொலித்தீன் பைகள் கட்டியாக இறுகிக் கிடந்தனவாம். காற்றில் பறந்து முள்ளில் சிக்கிய பையைத் தழை என்று நினைத்துத் தின்றுவிடுகின்றன. வயிறு நிறைந்த உணர்வோடு பட்டினி கிடந்து சாகும். 2024 தொடக்கத்திலிருந்து டுபாயில் ஒரு தடவை பாவிக்கும் பொலித்தீன் பைகளுக்குத் தடை. நம் ஊர்ச் சந்தையிலிருந்து எத்தனை பை வீட்டுக்கு வருகிறது, அதையெல்லாம் எந்த மாடு தின்கிறது என்று நான் அங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பேத்தி அந்தப் பையை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீடு வந்து சேர இரவு பத்தரை ஆகிவிட்டது. சப்பாத்துக்குள், அபாயா விளிம்பில், பிள்ளையின் தலைமயிருக்குள் எல்லாம் சிவப்பு மணல். வாசலிலிருந்து படுக்கையறை வரை தரையில் தடம். எல்லோரும் களைத்துப் படுத்துவிட்டோம்.

ஸுபஹுக்கு எழும்பியபோது வெளியே விளக்குமாற்றுச் சத்தம். ராத்தாதான், வேறு யார்? எழும்பிப் போய்த் தடுக்கலாம் என்று போனேன். எனக்கு முன்னே மகன் வந்து அவ கையிலிருந்து விளக்குமாற்றை வாங்கிவிட்டான். "நீங்க இரிங்க உம்மா" என்று கதிரையை இழுத்துப் போட்டான். ராத்தா உட்கார்ந்தா. அவன் வாசலிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தான், ஆம்பிளைப் பிள்ளைகள் கூட்டுவது போல, நடுவில் மட்டும். நான் கதவோரம் நின்றேன். இருவரும் என்னைக் காணவில்லை.

"மூலைய விட்டுட்டாய் மனே" என்றா ராத்தா.